இரங்கல் தீர்மானம் இருக்கட்டும், முதலில் பாதை போடுங்கள்

எங்கள் ஊராட்சியின் தனி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் கிராம சபையில் அறிவொளி ஆத்தாவுக்கு இரங்கல் தீர்மானம் போடப்போவதாக ஊராட்சிச் செயலர் வந்து சொன்னார். ஆத்தாவின் படம் ஒன்றும் கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டிருப்பீர்கள், நன்றி. ஆனால் நீங்கள் அதை எழுதப்போகிற அதே தீர்மான நோட்டைக் கொஞ்சம் பின்னால் புரட்டிப் பாருங்கள். சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு ஆத்தா கொண்டுவந்த தீர்மானம் இருக்கும். அதற்கு முந்தைய நோட்டிலும் இருக்கும். அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

கோப்பு உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. பழைய கதையை நான் விரிக்கவில்லை. ஆத்தாவை எடுத்த அன்று நீங்கள் இங்கே இல்லை என்பதால் அதை மட்டும் சொல்கிறேன்.

ஐப்பசி அடைமழை. கல்லணைக் கால்வாயின் கடைமடை நாங்கள். தேவைப்படும்போது தண்ணீர் வராது, வந்தால் போகாது. வாய்க்காலில் இடுப்பளவு ஓடியது. பெண்கள் நாங்கள் கரையோடு நின்றுவிட்டோம். ஆண்கள் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அக்கரையில் வெறும் வரப்புதான். அதில் ஒருவர் பின் ஒருவராக நடக்கலாம்; பாடையோடு நடக்க முடியாது. எனவே வரப்புக்கு இரு பக்கமும் வயலுக்குள் இறங்கி, பயிரை மிதித்துக்கொண்டே போனார்கள். பாதி வழியில் ஒரு பையனுக்கு முழங்கால் வரை சேற்றில் புதைந்து பாடை சாய்ந்தது. ஆத்தாவின் வலது கை வெளியே சரிந்து தொங்கியது. கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன மகன், சட்டியை வரப்பிலேயே வைத்துவிட்டு ஓடிவந்து, அந்தக் கையை எடுத்து உள்ளே வைத்தார். அதற்குள் சட்டி மழையில் அணைந்துவிட்டது. சுடுகாட்டில் கூரையும் கிடையாது; எப்படி எரித்தார்கள் என்று ஆண்கள் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மிதிபட்ட வயலின் சொந்தக்காரர் கடன் வாங்கி விதை தெளித்தவர். ஆத்தா என்பதால் அன்று வாயைத் திறக்கவில்லை. அடுத்த சாவுக்கும் அப்படியே இருப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா? வயலுக்குள் பிணம் போகிறது என்று ஒரு தகராறு வந்தால் அது எதில் போய் முடியும் என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும்.

ஆத்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீங்கள் வந்து கொஞ்ச காலம்தானே ஆகிறது. 1991-ல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தது. ஆத்தாவுக்கு அப்போது 47 வயது. மலேசியாவிலிருந்து புருஷன் எழுதிய கடிதங்களை அதுவரை அடுத்தவர் வாசித்துத்தான் கேட்டிருந்தார். எழுத்துக் கற்றுக்கொண்ட கொஞ்ச நாளிலேயே அரிக்கேன் விளக்கோடு வீடு வீடாகப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். என் அம்மா அங்கே படித்தவர்தான். மறு வருடம் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்களே, அதிலும் ஆத்தா உண்டு. லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பார் வைத்த சைக்கிளிலேயே பழகினார். பேரனை அந்தப் பாரில் உட்கார வைத்துக்கொண்டுதான் பிறகு ஊரைச் சுற்றி வந்தார். யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதல் நாள் ராத்திரி வெங்காயம் உரிக்க முதலில் வந்து உட்காருவது அவர்தான். சண்டை போட்டுப் பேச்சு நின்ற இரண்டு வீட்டுக்காரிகளையும் எதிரெதிரே உட்கார வைத்து உரிக்கச் சொல்வார். கண்ணீர் வெங்காயத்தால் வந்ததா என்று யாரும் கேட்க முடியாது பாருங்கள்.

81 வயதிலும் கிராம சபைக்கு வராமல் இருந்ததில்லை. வருகைப் பதிவேட்டை நீட்டினால், "என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடுறேன்" என்பார். ஆள் எண்ணிக்கை குறைந்தால் வீடு வீடாக நோட்டு வந்து கையெழுத்து வாங்கிப் போகும் ஊரில் இது எவ்வளவு பெரிய தொந்தரவு என்பது உங்கள் அலுவலகத்துக்குத் தெரியும். இனி அந்தத் தொந்தரவு இல்லை.

பாதை கேட்டால் என்ன சொல்வார்கள்? வாய்க்கால் நீர்வளத் துறையுடையது, பாலம் அவர்களைக் கேளுங்கள். வண்டிப்பாதை புறம்போக்கு வருவாய்த் துறையில் இருக்கிறது, அளந்தால்தான் ஆச்சு. அளக்கச் சொல்லிப் போனால், ஊராட்சி எழுதிக் கேட்கட்டும். ஒருமுறை நூறு நாள் வேலையில் மண் அடித்தார்கள். அடுத்த மழையோடு அது வாய்க்காலுக்கே திரும்பிப் போனது. செத்தவர்கள் எந்தத் துறையின் கீழ் வருகிறார்கள் என்று ஒரு சுற்றறிக்கை விட்டால் நாங்களும் அந்தத் துறை அனுமதித்த பருவத்தில் சாகப் பார்ப்போம். கிராம சபையை வருடத்துக்கு நான்கிலிருந்து ஆறாக்கினீர்கள். ஆறு முறையும் அதே பாதையைத்தான் கேட்டோம். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலமும் முடிந்து, அவர்கள் இடத்தில் தனி அலுவலர் வந்தாயிற்று. முன்பு திட்டுவதற்காவது உள்ளூரில் ஓர் ஆள் இருந்தார்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். ஒன்றியத்தின் ஊராட்சிகள் அத்தனையையும் நீங்களே பார்க்க வேண்டிய நிலைமை புரியாமல் இல்லை. ஆனால் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் சுடுகாடு, இடுகாடு அமைத்துப் பராமரிப்பதை ஊராட்சியின் கடமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. போய்ச் சேர வழியில்லாத சுடுகாட்டை எப்படிப் பராமரிப்பது? எனவே எங்களுக்கு வேண்டியது பாதைதான்.

தை அறுப்பு முடிந்து வயல் காய்ந்தால்தான் ஜல்லி வண்டி இறங்க முடியும். அதை விட்டால் மறுபடி மழைக்காலம் வந்துவிடும். ஆகவே, நில அளவையரை அனுப்பிப் பாதையை அளந்து கல் நடவும், வாய்க்காலுக்குச் சிறுபாலம் கட்ட மதிப்பீடு தயாரித்து நீர்வளத் துறைக்கு நீங்களே எழுதவும், மாசிக்குள் வேலையைத் தொடங்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எழுதிய கடிதத்தின் நகல் ஒன்றையும் எங்களுக்குத் தாருங்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆத்தாவிடம் எழுத்துப் படித்த ஒருத்தியின் மகள்,
ஊர்க்காரர்கள் சார்பில்