கண்ணா, சும்மாதான் எழுதறேன்

கண்ணா,

நல்லா இருக்கியா? அப்பாவுக்கு முட்டி வலி இப்ப பரவாயில்ல. வேற என்னென்னவோ சொல்லணும்னு இருந்தேன், எழுத உக்காந்தா ஒண்ணும் ஞாபகம் வரல, இது ஒண்ணுதான் மனசுல நிக்குது.

போன ஞாயித்துக்கிழமை நீ என்கிட்ட பேசிட்டு இருந்தப்ப பின்னாடி உன் பொண்டாட்டி ஏதோ கேட்டா. திரும்பவும் கேட்டா. மூணாவது வாட்டி உன் பேர சொல்லியே கூப்பிட்டா, நீ ஒரு 'ம்' கூட சொல்லாம என்கிட்ட வாஷிங் மெஷின் ரிப்பேர பத்தி பேசிட்டே இருந்த. உங்க விஷயத்துல நான் தலையிட மாட்டேன், அது உனக்கே தெரியும். பொதுவாதான் சொல்றேன்.

யாராவது ஏதாவது கேட்டா பதில் சொல்லணும்டா. இப்ப முடியலன்னா "பத்து நிமிஷம் கழிச்சு பேசறேன்"னு சொல்லு, அதுவும் பதில்தான், ஆனா சொன்னபடி பத்து நிமிஷத்துல நீயே போய் பேசணும். கோவமா இருந்தா வாட்ஸ்அப்ல டைப் பண்ணாத. நேர்ல "சரி"ன்னா அது எந்த சரின்னு குரல்ல தெரிஞ்சிடும், டைப் பண்ணா படிக்கறவங்க அன்னிக்கு என்ன மனசுல இருக்காங்களோ அப்படித்தான் தெரியும். "நீ எப்பவுமே இப்படித்தான்"னு ஆரம்பிக்காத, அதுக்கப்புறம் நீ சொல்றது எதுவும் காதுல ஏறாது. எனக்கு இது கஷ்டமா இருந்துச்சுன்னு சொல்லு, போதும்.

2014ல அந்த நீல டிக் வந்தப்ப நீதான் பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லிக் குடுத்த, நீலமானா படிச்சாச்சும்மான்னு. இப்ப நீ அத ஆஃப் பண்ணி வச்சிருக்க. ஆனா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா மட்டும் அந்த மைக் நீலமாயிடுது, அதனாலதான் நான் எல்லாத்தையும் பேசியே அனுப்பறேன். நீ கேக்கறன்னு தெரியும். பதில்தான் வரமாட்டேங்குது.

ஆபீஸ்ல 20 பேர் உனக்கு கீழ, நீ பேசினா எல்லாரும் அமைதியா கேப்பாங்கன்னு உன் ஃப்ரெண்ட் சொன்னப்ப எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா. அந்தப் பேச்சு வீட்டுக்குள்ள வந்ததும் எங்கடா போகுது? கேட்டா பதில் சொல்லணும், திரும்பவும் சொல்றேன்.

இப்படி எழுதிட்டேன், ஆனா இத உனக்கு கத்துக்குடுத்ததே நான்தான்.

உனக்கு ஏழு வயசு. அந்த பீரோ சாவி விஷயத்துல நான் அப்பாகிட்ட 9 நாள் பேசல. "அப்பாகிட்ட போய் சொல்லு, கரண்ட் பில் கட்டணுமாம்"னு உன்னத்தான் அனுப்புவேன். அவர் பக்கத்து ரூம்லதான் இருப்பார், நான் சொல்றது அவருக்கே கேக்கும், இருந்தாலும் நீ ஓடிப்போய் சொல்லிட்டு அவர் பதிலோட திரும்பி வருவ. ஒருநாள் ரெண்டு ரூமுக்கும் நடுவுல அப்படியே நின்னுட்ட, எந்தப் பக்கமும் போகல. அதுக்கும் நான் உன்ன திட்டினேன். சத்தம் போட்டு சண்ட போடறவங்கள விட பேசாம இருக்கற நான் ஒசத்தின்னு நெனச்சிட்டு இருந்தேன்டா. பத்தாவது நாள் பேச ஆரம்பிச்சப்பவும் எதுக்கு கோவம்னு அவர்கிட்ட சொல்லல, இன்னிக்கு வரைக்கும் சொல்லல. ஞாயித்துக்கிழமை அவ மூணாவது வாட்டி கூப்பிட்டப்ப எனக்கு அந்த 9 நாள்தான் ஞாபகம் வந்துச்சு.

இத படிச்சியான்னு கேக்க மாட்டேன். இந்த ஞாயித்துக்கிழமை எனக்கு கொஞ்சம் லேட்டாவே கூப்பிடு. அவ என்ன கேட்டான்னு முதல்ல போய் கேளு.

அம்மா