மோட்டார் பந்தயத்துக்கு நிலையான கொள்கை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத்தா பந்தயத் தடத்துக்கு ஃபார்முலா ஒன் மீண்டும் வரும் என்ற பேச்சு அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. வந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் 2011, 2012, 2013 என்று மூன்றே ஆண்டுகள் நடந்த அந்தப் பந்தயம் ஏன் நின்றது என்பதை ஆராயாமல் மறுபடியும் அழைப்பது, பழைய தவற்றுக்குப் புதிதாகப் பணம் கட்டுவதாகும்.

முதல் ஆண்டில் வெற்றிக் கோப்பையை செபாஸ்டியன் வெட்டலிடம் வழங்கியவர் அன்றைய உத்தரப் பிரதேச முதல்வர் மாயாவதி. அவரது அரசு அளித்த கேளிக்கை வரிவிலக்கை எதிர்த்து வழக்குத் தொடரப்பட, பந்தயத்துக்குச் சில நாட்கள் முன்பு, நுழைவுச்சீட்டு வருவாயில் 25 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த மார்ச்சில் அங்கே ஆட்சியே மாறிவிட்டது. மத்திய அரசோ, ஃபார்முலா ஒன் விளையாட்டல்ல, கேளிக்கை என்று கூறி இறக்குமதிச் சுங்க வரிச் சலுகையை மறுத்தது. வருமான வரிச் சிக்கல் 2017 வரை நீண்டு, அந்தத் தடம் ஃபார்முலா ஒன்னை நடத்தும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு இந்தியாவில் நிலையான வணிக இடமாகிறது, ஆகவே இங்கு வரி செலுத்த வேண்டும் என்ற தீர்ப்பில் முடிந்தது. தீர்ப்பில் எனக்குக் குறை இல்லை. வரி விதிப்பது அரசின் உரிமை. ஆனால் எவ்வளவு வரி, யார் கட்டுவது என்பது பந்தயம் நின்று நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் தெளிவாகும் என்றால், எந்த நிறுவனம் முதலீடு செய்ய முன்வரும்?

இதே மத்திய அரசுதான் ராலி எனும் நெடுந்தூரக் கார் பந்தய ஓட்டுநர் கௌரவ் கில்லுக்கு 2019இல் அர்ஜுனா விருது வழங்கியது. விருது மேடையில் விளையாட்டாக இருப்பது சுங்கத் துறையில் கேளிக்கையாவது எப்படி?

மற்றொரு காரணம் வீட்டுமனைச் சந்தை. யமுனா விரைவுச்சாலையோரம் சுமார் 1,000 ஹெக்டேரில் திட்டமிடப்பட்ட விளையாட்டு நகரத்தின் ஒரு பகுதியாகவே ஜேபி என்ற கட்டுமானக் குழுமம் அந்தத் தடத்தை அமைத்தது. மனை வணிகம் சரிந்து குழுமம் கடனில் மூழ்கியபோது தடமும் அதனுடன் மூழ்கியது; 2020இல் நில ஒதுக்கீடே ரத்தானது. 2023இல் மோட்டோஜிபி எனும் உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒருமுறை வந்து போனதோடு சரி.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதை வடக்கத்திச் செய்தியாகக் கடந்துவிட முடியாது. சோழவரம் விமான ஓடுதளத்தில் தொடங்கி, இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் நிரந்தரத் தடங்களைக் கண்ட மண் இது. பந்தய வீரர்கள் கரிவரதனும் நரேன் கார்த்திகேயனும் இங்கிருந்து வந்தவர்கள்தான். இருங்காட்டுக்கோட்டையில் பந்தய வார இறுதியில் கார்களைப் பழுதுபார்க்கும் பிட் பகுதிக்குப் போய்ப் பாருங்கள்: தேய்ந்த ஸ்லிக் டயரில் (பள்ளக்கோடுகள் இல்லாத பந்தய டயர்) ஒட்டிய ரப்பர்த் துணுக்குகளை ஹீட் கன்னால் சூடாக்கிச் சுரண்டி எடுத்து, அதே டயரை அடுத்த பயிற்சிக்கு மாட்டிக்கொண்டிருப்பார்கள் இளம் மெக்கானிக்குகள். ரூபாய் மதிப்பு இறங்கினால் இறக்குமதியாகும் டேம்பரும் (அதிர்வுதாங்கி) கியர்பாக்ஸ் உதிரியும் விலை ஏறும். வாகன விற்பனை மந்தமானால் விளம்பரதாரர் முதலில் குறைப்பது பந்தயச் செலவைத்தான். உலகச் சந்தை சரிந்தபோது 2008 டிசம்பரில் ஹோண்டாவே ஃபார்முலா ஒன்னை விட்டு வெளியேறியது. அத்தகைய அடியைத் தாங்க நம் சிறிய பட்டறைகளிடம் என்ன இருக்கிறது?

2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயத்தை நான் எதிர்க்கவில்லை. நகரத்துப் பிள்ளைகள் பந்தயக் காரைக் கண்ணெதிரே பார்த்தது நல்ல விஷயம். ஆனால் தெருப் பந்தயம் முடிந்ததும் தடுப்புகளைக் கழற்றிவிடுவார்கள். அது அரசின் விருப்பத்தை மட்டுமே நம்பியது, மெக்கானிக்குக்கு ஆண்டு முழுவதும் வேலை தராது. அதற்குச் செலவிடும் பொதுப்பணத்தில் ஒரு பகுதியையாவது நிரந்தரத் தடங்களின் பாதுகாப்புத் தடுப்புகளுக்கும், மருத்துவ வசதிக்கும், தடத்தோரப் பாதுகாப்பைக் கவனிக்கும் மார்ஷல்களின் பயிற்சிக்கும், கோ-கார்ட் எனும் சிறு பந்தய வண்டி ஓட்ட வரும் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒதுக்க வேண்டும்.

மத்திய அரசு, அங்கீகரிக்கப்பட்ட மோட்டார் பந்தயங்களை வரிச்சட்டங்கள் அனைத்திலும் விளையாட்டு என்றே வகைப்படுத்த வேண்டும். மாநில அரசு, தனியாருடன் செய்யும் பந்தய ஒப்பந்தங்களை முழுமையாக வெளியிட்டு, ஆட்சி மாறினாலும் தொடரக்கூடிய ஐந்தாண்டு நிதித் திட்டத்தைச் சட்டமன்றத்தில் வைத்து ஒப்புதல் பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்.