சூரை மீனும் கோட்ஸில்லாவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் சினிமாப் பக்கத்தில் ஒரு மிருகப் படத்தின் விமர்சனம் வந்திருந்தது. "லாஜிக் பார்க்காமல் உட்கார்ந்தால் பொழுது போகும்" என்று முடித்திருந்தார்கள். அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. அதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. ஆனால் பேய், மிருகம், வேற்றுக்கிரகம் என்று எது வந்தாலும் உங்கள் பக்கத்தில் இதே வரிதான் வருகிறது. கருத்துள்ள படம் தனி, பொழுதுபோக்குப் படம் தனி என்று பாகம் பிரித்து விடுகிறீர்கள். அது சரியில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் நாகப்பட்டினத்தில் 31 வருடம் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதியவன். கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு எத்தனை பார் ஐஸ் ஏறியது, எவ்வளவு பாக்கி என்பதுதான் என் வேலை. கோடை விடுமுறைக்கு வந்த பேரன், "தாத்தா, இதுல மீன்பிடிக்கிறவங்க வர்றாங்க, பாருங்க" என்று லேப்டாப்பில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டான். 1954-இல் இஷிரோ ஹோண்டா இயக்கிய ஜப்பானியப் படம், 'கோட்ஸில்லா'. கடலிலிருந்து ஒரு ராட்சத விலங்கு எழுந்து வந்து டோக்கியோவை மிதிக்கும் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன்.

மிதிக்கத்தான் செய்கிறது. ஆனால் படம் தொடங்குவது கடலில். கப்பலின் மேல்தளத்தில் ஆட்கள் ஓய்வாக உட்கார்ந்து வாத்தியம் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று தண்ணீருக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம், உடனே தீ. தேடப் போன கப்பலுக்கும் அதே கதி. அடுத்து கப்பல் கம்பெனி அலுவலகத்தில் குடும்பத்தினர் கூட்டமாக நின்று, என் புருஷன் என்ன ஆனான், என் பிள்ளை என்ன ஆனான் என்று கேட்கிறார்கள். அலுவலகத்தில் யாருக்கும் பதில் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் விசைப்படகு டிரைவராக இருந்து ஓய்ந்த நண்பர் ஒருவர் என்னோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில், "நம்ம சனங்கதான்பா" என்றார். புயல் எச்சரிக்கைக்கு அப்புறம் படகு திரும்பாத ராத்திரிகளில் எங்கள் துறைமுகத்தில் நிற்கிற முகங்கள்தான் அவை. ஓடோ என்ற தீவில் மீன்பாடு இல்லாமல் போனதற்கு அந்த விலங்குதான் காரணம் என்று ஒரு கிழவர் சொல்கிறார், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தக் கிழவரைப் போல எத்தனை பேரை எங்கள் கரையில் பார்த்திருக்கிறேன்!

படத்தில் அந்த விலங்கைக் கடலடியிலிருந்து கிளப்பிவிடுவது ஹைட்ரஜன் குண்டுச் சோதனைதான். படம் முடிந்ததும் பேரன் இதன் பின்னாலிருந்த நிஜக் கதையைப் படித்துக் காட்டினான். 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் பிகினி என்ற பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. 6 மெகாடன் அளவுக்கு வெடிக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 15 மெகாடன் வெடித்தது. ஹிரோஷிமாவில் போட்டதைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே சூரை பிடித்துக்கொண்டிருந்தது யாய்சு துறைமுகத்துப் படகு ஒன்று. அதன் பெயருக்கு 'அதிர்ஷ்ட டிராகன்' என்று அர்த்தம். 23 பேர் இருந்தார்கள். விடிவதற்கு முன்னால் மேற்கே சூரியன் உதித்ததுபோல் வெளிச்சம் வந்தது. அப்புறம் வானத்திலிருந்து வெள்ளைச் சாம்பல் கொட்டியது. பொடிப்பொடியான பவளப்பாறை அது, கதிர்வீச்சு ஏறிய சாம்பல். போட்ட தூண்டில் கயிற்றை விட்டுவிட்டு எப்படி வருவது? சாம்பலில் நனைந்தபடியே இழுத்து ஏற்றிக்கொண்டுதான் கரைக்குத் திரும்பினார்கள். எல்லோரும் நோயில் விழுந்தார்கள். ரேடியோ ஆபரேட்டர் அய்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். வயது 40. அதற்கு 41-ஆம் நாள், நவம்பர் 3 அன்று, 'கோட்ஸில்லா' வெளிவந்தது.

ஜப்பான் முழுவதும் சூரை மீனைத் தொட ஆளில்லாமல் போயிற்று. டோக்கியோவின் சுகிஜி சந்தையில் மீனைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். இதைக் கேட்டபோது நான் பேரனை நிறுத்தச் சொன்னேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் எங்கள் ஊரில் நடந்தது இதுதான். படகுகள் போனது ஒரு பக்கம். மிச்சம் இருந்த சிலர் பிடித்து வந்த மீனையும் வாங்க ஆளில்லை. மீன் பிணத்தைத் தின்றிருக்கும் என்ற பேச்சு பரவிவிட்டது. கூடைக்காரப் பெண்கள் காலையில் தூக்கிப்போன மீனை அப்படியே திருப்பிக் கொண்டுவந்ததை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் கணக்குப் புத்தகத்தில் அந்த வாரங்களின் பக்கங்கள் காலியாகவே இருக்கின்றன. அன்றைக்கு எங்கள் பயத்தைச் சொல்ல எங்களிடம் ஒரு கதை இல்லை. ஜப்பான்காரர்களுக்கு இருந்தது. 50 மீட்டர் உயரத்தில், சொரசொரப்பான தோலோடு கடலிலிருந்து எழுந்து வந்தது.

இந்த விஷயத்தைக் கருத்துப் படமாக நேரடியாக எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். எடுத்திருக்கலாம்தான். ஆனால் போருக்குப் பின் ஜப்பானை அமெரிக்கா ஆண்ட முதல் வருடங்களில் அணுகுண்டைப் பற்றி எழுதவே தணிக்கை இருந்தது. அந்த ஆட்சி முடிந்தது 1952-இல்தான். இரண்டே வருடம் கழித்து, சாதாரண ஜனங்கள் டிக்கெட் வாங்கிக் கொட்டகையில் உட்கார்ந்து, எரிகிற நகரத்தைத் திரும்பப் பார்த்தார்கள். ரயிலில் ஒரு பெண், மீனில் விஷம், மழையில் விஷம், இப்போது இது வேறா என்று சலித்துக்கொள்கிறாள். நாகசாகியில் தப்பித்து வந்த உயிர் இது என்கிறாள். போகிறபோக்கில் ஒரு பேச்சு, அவ்வளவுதான். நகரம் எரியும்போது ஒரு தாய் தன் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சத்தில் அப்பாவிடம் போய்விடலாம் என்கிறாள். நாடாளுமன்றக் குழுவில் ஓர் உறுப்பினர், உண்மையை வெளியே சொன்னால் வெளிநாட்டு உறவு கெட்டுவிடும் என்கிறார். பெண் உறுப்பினர்கள் எழுந்து நின்று சத்தம் போடுகிறார்கள். மருத்துவமனையில் ஒரு குழந்தையின் அருகே கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கொண்டுபோகிறார்கள். அது கடகடக்கிறது. எதையும் யாரும் நின்று விளக்குவதில்லை. நமக்குத் தொண்டை அடைக்கிறது.

வேடிக்கை குறைந்த படம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த விலங்கின் உறுமலைப் படத்துக்கு இசையமைத்த அகிரா இஃபுகுபே எப்படி உண்டாக்கினார் தெரியுமா? பெரிய டபுள் பேஸ் வாத்தியத்தின் கம்பியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்திருக்கிறார். ஏறக்குறைய 100 கிலோ எடையுள்ள ரப்பர் உடைக்குள் ஹாருவோ நகாஜிமா என்ற நடிகர் நின்று நடந்தார். அவர் காலடியில் நொறுங்கியதெல்லாம் 25-இல் ஒரு பங்காகச் செய்த பொம்மை டோக்கியோ. எனக்கு 68 வயது. அது மலைக்கு மேல் முதல்முதலாகத் தலையைத் தூக்கியபோது நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த பயம்தான் படத்தின் கருத்து. பயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு துண்டுப் பிரசுரம். அதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

என் மனதில் நிற்பவர் டாக்டர் செரிசாவா. போரில் ஒரு கண்ணை இழந்த விஞ்ஞானி. அந்த விலங்கைக் கொல்லும் பொருள் அவரிடம் மட்டும் இருக்கிறது. கொடுத்தால் நாளை அது அடுத்த குண்டாகிவிடும். கொடுக்காவிட்டால் ஊர் அழியும். தொலைக்காட்சியில் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் அமைதிக்காகப் பாடுவதைக் கேட்ட பிறகு, தன் குறிப்புகளை எல்லாம் எரித்துவிட்டு, தானே கடலுக்கடியில் இறங்குகிறார். மேலே வராமல் தன் மூச்சுக் குழாயைத் தானே அறுத்துக்கொள்கிறார். மிருகப் படத்தில் இப்படி ஒரு மனிதர் இருப்பார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. விமர்சனம் எழுதுகிறவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

1956-இல் இந்தப் படம் அமெரிக்காவுக்குப் போனபோது 96 நிமிடப் படம் 80 நிமிடமாயிற்று. புதிதாக ஓர் அமெரிக்க நிருபரைப் புகுத்தி எடுத்த காட்சிகளும் அந்த 80-க்குள்தான். நாகசாகியைப் பேசிய ரயில் பெண் இல்லை. குண்டுச் சோதனை தொடர்ந்தால் இன்னொன்று வரும் என்று முதிய ஆய்வாளர் கடைசியில் சொல்லும் வார்த்தை இல்லை. விலங்கு மட்டும் மிஞ்சியது. அந்த வடிவம்தான் பல நாடுகளுக்குப் போனது. மூலப் படம் அமெரிக்கக் கொட்டகைகளில் முறையாக ஓட 2004 வரை ஆயிற்று. இது பொழுதுபோக்குப் படம்தானே என்று முடிவு கட்டுகிறவர்கள் கையில் கத்தரிக்கோல் கிடைத்தால் இப்படித்தான் ஆகும். உங்கள் விமர்சன வரியைப் படித்தபோது எனக்கு அந்தக் கத்தரிக்கோல் ஞாபகம்தான் வந்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பேய்ப் படமோ மிருகப் படமோ வரும்போது, அந்தப் படத்தில் பயப்படுகிறவர்கள் யார், எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று விமர்சகரை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். படத்தில் அப்படி ஒன்றும் இல்லையென்றால், இல்லை என்றே எழுதட்டும். லாஜிக் பார்க்க வேண்டாம் என்று மட்டும் எங்களுக்குச் சொல்ல வேண்டாம். 1954-ஆம் வருடப் படத்தை உங்கள் ஞாயிறு இதழில் ஒரு பக்கம் எழுதினால், டிரைவர் நண்பரும் நானும் அதை வெட்டி மீன் ஏலக் கூடத்துப் பலகையில் ஒட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கர்,
நாகப்பட்டினம்.