மலையேறப் போகும் மகளுக்கு

பாசமுள்ள தாயி,

உத்தராகண்ட் பனிமலையில் நடக்கப் போகிறாயே, வழி பார்க்க போன் போதுமா, தனியாக ஜிபிஎஸ் கருவி வாங்கணுமா என்று கேட்டாய். அவசரமாகச் சொல்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

டவர் இல்லாவிட்டால் போன் இடம் காட்டாது என்று நம் பாம்பனிலேயே பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. போனும் செயற்கைக்கோளை வைத்துத்தான் இடத்தைப் பிடிக்கிறது. டவர் போனதும் வராமல் நிற்பது மேப். ஆகையால் டேராடூனிலேயே மேப்பை இறக்கி வைத்து, நெட்டை அணைத்துவிட்டுத் திறக்கிறதா என்று பார்.

ஒரு நாள் நடைக்கு அதுவே போதும். நீ போவது பல நாள், அதுவும் பனியில். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். ஈர விரலுக்குத் தொடுதிரை ஒழுங்காக வேலை செய்யாது, படகில் தினமும் பார்க்கிறேன். கையுறை போட்டால் இன்னும் கஷ்டம். அதனால் கருவியை வாங்கிவிடு தாயி. பொத்தான் உள்ளதாக, பென்சில் பேட்டரி மாற்றக்கூடியதாகப் பார். பேட்டரியில் லித்தியம் வகைதான் குளிரைத் தாங்கும். போனைச் சட்டைக்குள் சூடாக வைத்து, அவசரத்துக்கு மிச்சம் பிடி.

சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் வகை மட்டும் வேண்டாம். அனுமதியில்லாமல் அதை வைத்திருந்தால் நம் நாட்டில் வழக்கு. விமான நிலையத்திலேயே ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள்.

எனக்குப் பெரிய கவலை இடத்தைக் குறிக்கிற எண்ணில்தான். படகில் நாங்கள் 9 டிகிரி 17.250 நிமிடம் என்று பாயிண்ட் போடுகிறோம், அதாவது கருவியில் இடத்தைக் குறித்து வைக்கிறோம். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம். அதே இடத்தை போன் 9.2875 என்று காட்டும். அதைப் பார்த்து யாராவது 9 டிகிரி 28.75 நிமிடம் என்று போட்டால், பதினோரு கடல் மைலுக்கு மேல், அதாவது 21 கிலோமீட்டர் வடக்கே தள்ளிவிடும். எல்லைக்கோடு பக்கத்தில் இருக்கிற ராமேஸ்வரம் கடலில் இப்படி ஒரு பிசகு ஆளைச் சிறையில் கொண்டுபோய் விடும். மலையில் உன்னைத் தேடி வருகிறவர்களை வேறு பள்ளத்தாக்குக்கு அனுப்பிவிடும். போன், கருவி இரண்டிலும் ஒரே முறையை வை. அப்புறம், கூடாரம் போடும் இடத்தையெல்லாம் பாயிண்ட் போட்டுக்கொண்டே போ, நாங்கள் துறையை விட்டுக் கிளம்பும்போது போடுவதுபோல.

கருவி வந்ததும் ஒரு சனிக்கிழமை ஊருக்கு வா. அரிச்சல்முனை மணலில் இரண்டையும் வைத்து நடந்து பழகலாம். போகிற பாதையையும் இறங்கும் தேதியையும் அம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ.

அன்புடன்,
அப்பா
பாம்பன்