காய்ந்த துளையும் கேரட் லாரியும்

குன்னூர்,
ஐப்பசி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. கொஞ்ச நாள் அடுப்பங்கரைப் பக்கம் விடாதே, கேட்கமாட்டார்கள், தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். சின்னவள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள் என்பதை நம்பவே முடியவில்லை.

இங்கே விடாத மழை. இந்த மலைக்கு இரண்டு மழைக்காலம். ஆடியில் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும்; 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. ஐப்பசி பிறந்தால் குன்னூர், கோத்தகிரியின் முறை. 2009 நவம்பர் மண்சரிவில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இங்கே யாரைக் கேட்டாலும் அந்த வாரம் தங்கள் ஊரில் எந்தச் சரிவு இறங்கியது என்று கைகாட்டிச் சொல்வார்கள். அதனால் மழை பிடித்தால் எங்கள் சாலை வேலையின் தன்மையே மாறிவிடும். புதிதாகக் கட்டுவதை ஓரமாக வைத்துவிட்டு, இருப்பதைக் காவல் காப்போம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். புராஜெக்ட் மேனேஜர் பொறுப்பைத் தருகிறார்கள், ஏற்றுக்கொள்ளலாமா என்று எழுதியிருக்கிறாய். சம்பளம், பதவி, கார் எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறாய். உன்கூட வேலை செய்யப் போகிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு அதுதான் முதலில் தெரியவேண்டும்.

கேத்திப் பக்கம் சாலையை அகலப்படுத்தும் வேலை ஒன்று எங்களிடம் இருக்கிறது. அட்டவணை போடும் பிரிவிலிருந்து அழகான திட்டம் வந்தது: இரவு பத்து மணிக்குச் சாலையை மூடி, காலை ஐந்து மணிக்குத் திறப்பது. உங்கள் சென்னையில் அதுதான் சரி. கூட்டத்தில் எங்கள் சைட் சூப்பர்வைசர் மெதுவாகக் கையைத் தூக்கினார். பக்கத்து ஹட்டிக்காரர் (படுகர் ஊரை ஹட்டி என்பார்கள்), படுகர், அதிகம் பேசமாட்டார். "மேடம், அந்த நேரத்தில்தானே கேரட் லாரி போகும்?" என்றார். கேத்திப் பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்பே கேரட்டைப் பிடுங்கிக் கழுவி மூட்டை கட்டிவிடுவார்கள். காலையில் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கினால்தான் விலை. சாலையை மூடினால் அந்தப் பள்ளத்தாக்கின் ஒருநாள் உழைப்பு லாரியிலேயே நிற்கும். பகலிலும் முடியாது. பறித்த பசுந்தேயிலை அன்றைக்கே ஃபேக்டரி போய்ச் சேராவிட்டால் சூடேறிக் கெட்டுவிடும், காலையும் மாலையும் பள்ளிப் பேருந்துகள் வேறு. கடைசியில் இலை வண்டிகள் போய் முடிந்த பிறகு, கேரட் லாரிகள் கிளம்புவதற்கு முன்பு என்று இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை மட்டும் மூடினோம். வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது. ஒருவரும் வந்து சண்டை போடவில்லை.

எங்கள் தலைமைப் பொறியாளர் அன்று செய்ததைச் சொல்லவேண்டும். அந்தத் திருத்தத்தைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதும்போது சூப்பர்வைசரின் பெயரைப் போட்டே எழுதினார். அதன் பிறகு அந்த மனிதர் கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குவதே இல்லை.

இன்னொன்று போன வாரம் நடந்தது. மலைப்பக்கம் பழைய கல் சுவர் ஒன்று, எங்கள் பகுதிக்குள் வருகிறது. அதில் வீப் ஹோல், அதாவது பின்னால் சேரும் தண்ணீர் வெளியேற விட்ட துளைகள், இரண்டு வரிசை. எங்களிடம் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண் ஒருத்தி, குந்தாக்காரி, மழையில் ரோந்து போனவள் இரவு போன் செய்தாள். "அக்கா, மேல் வரிசை எல்லாம் ஒழுகுது. கீழ் வரிசையில மூணு துளை காஞ்சு கிடக்கு. எனக்கு என்னமோ சரியாப் படலை."

உனக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கீழே அடைத்துக்கொண்டு மேலே ஒழுகினால், சுவருக்குப் பின்னால் அத்தனை உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, அது சுவரையே தள்ளிவிடலாம் என்று அர்த்தம். உடனே போலீசுக்குச் சொல்லி பஸ், லாரியை நிறுத்தினோம். கார்களை மட்டும் பள்ளத்துப் பக்கமாக ஒவ்வொன்றாக விட்டோம். மண்ணையும் பாறையையும் ஆராயும் எங்கள் ஜியோடெக் பொறியாளர் கோத்தகிரியிலிருந்து அந்த மழையில், அந்த மூடுபனியில் டார்ச்சோடு வந்து சேர்ந்தார். விடிந்ததும் நீளக் கம்பியால் துளையைக் குத்தினார்கள். முதலில் களிமண் உருண்டை ஒன்று வந்து விழுந்தது. பின்னாலேயே செம்மண் தண்ணீர் சாலையின் பாதி தூரம் பீய்ச்சி அடித்தது. பிற்பாடு தோண்டிப் பார்த்தால், சுவருக்குப் பின்னால் சல்லி நிரப்பியிருக்கவேண்டிய இடத்தில் வெட்டிய மண்ணையே தள்ளி மூடியிருக்கிறார்கள். இப்போது கல் அடுக்கிச் சல்லி போட்டுக்கொண்டிருக்கிறோம். மேலே தேயிலைத் தோட்ட எல்லையில் மழைநீரைத் திருப்பிவிட ஒரு வடிகாலும் வெட்டவேண்டும். மழை நின்றதும் அந்தச் சரிவில் சாயில் நெய்லிங்: துளை போட்டு, கம்பி சொருகி, சிமென்ட் பால் ஏற்றி, வலை விரித்துப் புல் வளர்ப்பது. நீலகிரிச் சாலைகளில் இப்போது பல இடங்களில் அதைப் பார்க்கலாம். உயரமான கான்கிரீட் சுவரைவிட அது இந்த மலைக்கு ஒத்துப்போகிறது என்பது என் எண்ணம்.

உனக்கு நான் சொல்ல நினைத்தது அந்த இரவைப் பற்றியே அல்ல. அதற்கு முந்தைய மழையில் இதே பெண் வேறொரு வளைவில் விரிசல் என்று சொல்லி வண்டிகளை நிறுத்தவைத்தாள். போய்ப் பார்த்தால் பழைய பூச்சு வெடிப்பு. சுற்றுலாக்காரர்கள் திட்டினார்கள், மேலிருந்து போன் வந்தது. எங்கள் ஆட்களில் ஒருவர்கூட அவளிடம் முகம் சுளிக்கவில்லை. ஜியோடெக் பொறியாளர் அவளை உட்காரவைத்து, பூச்சு வெடிப்புக்கும் சுவர் நகர்ந்த விரிசலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்தார், அவ்வளவுதான். அன்று யாராவது ஒருவர் சலித்துக்கொண்டிருந்தால் போன வாரம் எனக்கு அந்த போன் வந்திருக்காது. அந்தச் சுவருக்கு எதிரே பேருந்து நிறுத்தம் இருக்கிறது. நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

முன்பு நான் இருந்த இடத்தில் நிலைமை வேறு. வேலை பிந்துகிறது என்பதைக்கூட பில் போடும் நாள் வரை மூடிவைப்பார்கள். திறமைசாலிகள்தான், பயந்த திறமைசாலிகள். அங்கே தினமும் தலைவலியோடு வீட்டுக்குப் போவேன். இங்கே பனியில் கான்கிரீட் இறுக நேரம் பிடிக்கும், அதனால் ஷட்டரிங் பலகைகளைப் பிரிப்பதை இரண்டு நாள் தள்ளுகிறோம் என்று மேஸ்திரி என்னிடம் நேராக வந்து சொல்கிறார். நானும் அட்டவணையை மாற்றுகிறேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் முடிகிறது. ஜியாலஜி எனக்கு எப்போதும் அரைகுறைதான், அதற்கென்று ஆள் இருக்கிறார், கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே, சரி என்று சொல்வதற்கு முன் அந்த சைட்டுக்கு ஒருநாள் போ. மேனேஜரிடம் பேசாதே. அங்கே இருக்கும் கடைசி ஜூனியரிடம், கடைசியாக எப்போது வேலையை நிறுத்தச் சொன்னாய், சொன்ன பிறகு என்ன நடந்தது என்று கேள். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பதில் சொன்னால் நன்றாக யோசி. உடனே கதை சொல்ல ஆரம்பித்தால் பயப்படாமல் ஏற்றுக்கொள். கணக்கும் டெண்டரும் உனக்குப் புதிதல்ல, ஆட்களை அதட்டாமல் வேலை வாங்கவும் உனக்குத் தெரியும். கல்லூரி சர்வே கேம்ப்பில் சண்டை போட்ட இரண்டு குரூப்பையும் நிலம் அளக்கும் ஒரே செயினைப் பிடிக்கவைத்தவள் நீதானே.

பொங்கல் விடுமுறைக்குக் குழந்தைகளோடு வா. மே மாதம் வேண்டவே வேண்டாம், சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக்கியும் வண்டிகள் நகராது. காரில் வந்தால் நீலகிரிக்குள் வருவதற்கான இ-பாஸ் எடுத்துவிடு. அரசு பஸ்ஸில் வந்தால் அது தேவையில்லை, மேட்டுப்பாளையத்தில் ஏறி இடது பக்க ஜன்னலில் உட்கார். பர்லியாறு தாண்டியதும் போன் செய், பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன். குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் கொண்டுவா, ஊட்டியில் அப்போது உறைபனி இருக்கும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். அந்த சைட்டுக்குப் போய்வந்ததும் எழுது.

அன்புடன்,
உன் தோழி