டெபாசிட்டும் அடகும் ஒரே கவரில்

பேராவூரணி,
ஆனி 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்கு வந்தது. போனில் பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. ஜெராக்ஸ் கடைப் பையனிடம் கொடுத்துத் தாளில் எடுத்துக்கொண்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். டெபாசிட் 3 லட்சம், வட்டி 7. நகைக் கடன் 2 லட்சம், வட்டி 10. டெபாசிட்டில் 2 லட்சத்தை எடுத்துக் கடனை அடைக்காததால் வருடத்துக்கு 6,000 ரூபாய் தண்டம். கீழே சிவப்பு எழுத்தில் "ஏன்ப்பா?" என்று கேட்டிருக்கிறாய்.

கணக்கில் தப்பே இல்லை. பொங்கலுக்கு வந்தபோது பீரோவில் ஆதார் நகல் தேடினாயே, அப்போது டெபாசிட் ரசீதும் அடகுச் சீட்டும் ஒரே கவரில் கிடந்ததைப் பார்த்து உனக்கு முகம் மாறியது. கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருடம் நகைக் கடன் எழுதிய மனுஷனா இவர் என்று நினைத்திருப்பாய். அங்கே உட்கார்ந்திருந்ததால்தான் எனக்கு இது விநோதமாகத் தெரியவில்லை.

ஒரு சங்கிலியைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று பவுன், இரட்டை வடம், கொக்கிக்குப் பக்கத்தில் பற்று வைத்த தழும்பு ஒன்று இருக்கும். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் அது எங்கள் மேஜைக்கு வந்துவிடும். அறுவடை முடிந்து மாசியில் போகும். நானே பத்துப் பதினைந்து வருடம் அதை எடை போட்டிருக்கிறேன். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்ப்பதற்கு முன்பே "வந்துட்டியா தாயி" என்று சங்கிலியைப் பார்த்துத்தான் கேட்பார். ஒரு நாள், சங்கிலிக்கார அம்மா அதுவரை கட்டிய வட்டியை எல்லாம் நான் கூட்டிக் காட்டி, "இதை வித்துப்புட்டு அந்தக் காசையே வச்சு ஓட்டலாமேம்மா, வட்டி மிச்சம்" என்றேன். அந்த அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தது. "வித்தா காசாயிடும் சார். காசு எங்க வீட்டுல நிக்காது. வச்சா, கழுத்து மொட்டையா இருக்குறதப் பாத்துப் பாத்தே மனுஷன் திருப்பிருவாரு."

அப்போது சிரித்தேன். பிறகு நம் வீட்டிலும் அதே கதைதான் நடந்தது.

உன் சம்பளம் மாதக் கடைசி நாளில் வந்து விழுகிறது. தேதி தெரிந்தால் எதையும் பிரித்து வைக்கலாம். இங்கே தேங்காய் வெட்டு 45 நாளுக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு மாதம். வியாபாரி காய் எட்டு ரூபாய்க்கும் கேட்பான், இருபத்தைந்துக்கும் கேட்பான். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு எப்போது வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் செலவுக்கு மட்டும் தேதி உண்டு. ஃபீஸ், விதை, உரம், ஆடிச் சீர், கரண்ட் பில். வரவுக்கும் செலவுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில்தான் அந்த மூன்று பவுன் வருடா வருடம் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

தேதிக்கு என்ன சக்தி என்று பார்க்க வேண்டுமென்றால் உன் அம்மாவைப் பார். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்ததா, இரண்டாவது மாதமே தெருவில் இருபது பெண்கள் சேர்ந்து ஆளுக்கு ஆயிரம் என்று குலுக்கல் சீட்டு போட்டுவிட்டார்கள். பதினைந்தாம் தேதி பணம் வரும், பதினாறாம் தேதி சீட்டு. நம் அம்மாவுக்கு ஏழாவது மாதம் விழுந்தது; அந்த 20,000-தான் கொல்லையில் நிற்கிற கன்றுக்குட்டி. நூறு நாள் வேலைக் கூலி வந்த காலத்தில் இதே பெண்கள் இப்படி ஒரு சீட்டு போட்டதில்லை. அந்தக் கூலி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம், உன் தாளில் இல்லாத ஒரு கடனும் இருந்தது. இப்போது சொல்லிவிடுகிறேன். போன கார்த்திகையில் அம்மாவுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டார்கள். பேங்க் காலையில் பத்து மணிக்குத்தான் திறக்கும். கடைத்தெரு அடகுக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, அம்மாவின் வளையல் இரண்டையும் கொடுத்து 40,000 வாங்கினேன். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி, அதாவது வருடத்துக்கு 24. ஐந்து நிமிடத்தில் பணம் கையில் இருந்தது. மூன்று மாதத்தில் தேங்காய்க் காசில் திருப்பிவிட்டேன். உன்னிடம் சொன்னால் ரயில் ஏறி வந்துவிடுவாய் என்று சொல்லவில்லை. அந்த 24-க்கு நீ என்னைத் திட்டலாம். ஒன்பது மணிக்குத் திறந்திருக்கிற கதவுக்கு அந்த விலை.

சரி, டெபாசிட்டை ஏன் உடைக்கவில்லை?

உடைத்தால் அது காசாகி வீட்டுக்கு வரும். வந்த இரண்டாம் நாள் உன் பெரியப்பா வருவார், மருமகனுக்கு ஆட்டோ என்பார். அத்தை வருவாள், கூரை ஒழுகுகிறது என்பாள். பொய்யில்லை, ஒழுகத்தான் செய்கிறது. கையில் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. "டெபாசிட்டில் கிடக்கு, முதிர்வு ஆகல" என்றால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. "நகையே அடகில் இருக்கு" என்றால் இன்னும் விசேஷம். கேட்க வந்தவரே காபி குடித்துவிட்டு நமக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார். இது நம் ஊர்க் கோணல் மட்டும் இல்லை. ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் தன் கணக்கில் பணம் இருக்கும்போதே அதே சங்கத்தில் கடன் வாங்குகிறவர்கள் உண்டாம். ஆராய்ச்சி செய்தவர்கள் காரணம் கேட்டால், கையில் காசில்லாதவன் மாதிரி தெரிந்தால்தான் சொந்தக்காரர்கள் வர மாட்டார்கள் என்றிருக்கிறார்கள். படித்தபோது நம் திண்ணையில் உட்கார்ந்து எழுதியிருப்பார்களோ என்று தோன்றியது.

வட்டியை மட்டும் பார்த்து நானும் ஒரு தடவை போனவன்தான். தொண்ணூறுகளில் ஊரெல்லாம் ஃபைனான்ஸ் கம்பெனி. தஞ்சாவூரில் ஒன்றில் 24 சதவீதம் தருகிறார்கள் என்று, நீ பிறப்பதற்கு முன்னால், 35,000 போட்டேன். எட்டு மாதம் வட்டி ஒழுங்காக வந்தது. ஒன்பதாம் மாதம் போனால் ஷட்டரில் பூட்டும் வாசலில் கூட்டமும். ஏமாந்தவர்கள் அத்தனை பேர் இருந்ததால்தான் 1997-ல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்று தனியாக ஒன்று போட வேண்டி வந்தது. எனக்குத் திரும்பி வந்தது ஒன்றுமில்லை. அன்றிலிருந்து உன் அம்மாவுக்கு நகை ஒன்றுதான் நம்பிக்கை. ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2017-ல் சொன்னதை நீயே ஒரு தடவை படித்துக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? இந்தியக் குடும்பத்தின் சொத்து நூறு ரூபாய் என்றால் 77 வீடும் நிலமும், 7 தட்டுமுட்டுச் சாமான், 11 தங்கம்; பேங்க், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து மீதி ஐந்துதான். "இவ்வளவு முட்டாள்தனமா" என்றாய். பூட்டின ஷட்டரைப் பார்த்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

ஆனால் தங்கத்திலும் இப்போது ஒரு ஆபத்து வந்திருக்கிறது. விலை ஏற ஏற அதே வளையலுக்குக் கூடுதலாகக் கடன் கிடைக்கிறது. இரண்டரை லட்சம் வரையிலான நகைக் கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் சொல்லிவிட்டது; முன்பு 75. தேவைக்கு வாங்கியது போய், கிடைக்கிறதே என்று வாங்குகிறார்கள்.

தள்ளுபடி பற்றியும் கேட்டிருந்தாய். எழுதினால் இரத்தக்கொதிப்பு ஏறும், சுருக்கமாகச் சொல்கிறேன். கூட்டுறவுப் பயிர்க்கடன் 2006-ல் தள்ளுபடி, 2016-ல் தள்ளுபடி, 2021-ல் தள்ளுபடி. வருடங்களைப் பார், மூன்றும் தேர்தல் வருடம். அதே 2021-ல் ஐந்து பவுன் வரை நகைக் கடன் தள்ளுபடி. கஷ்டப்பட்டவனுக்குக் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கம்மலை விற்று நாள் தவறாமல் கட்டியவன் என் முகத்தைப் பார்த்து, "கட்டுங்க கட்டுங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

இனி மொய் விருந்து. "இருக்கிற கடன் போதாதா, கறிச் சோறு போட்டுக் கடன் வாங்கணுமா" என்று எழுதியிருக்கிறாய். நீ ஹாஸ்டலிலேயே வளர்ந்துவிட்டாய், உனக்கு இது சாப்பாடாகத் தெரிகிறது. இது நம் பக்கத்துச் சேமிப்புக் கணக்கு. விருந்துக்கு வருகிறவர்கள் மொய்யாகப் பணம் செய்வார்கள்; அதை நோட்டில் எழுதி வைத்து, அவரவர் விருந்தில் நாம் திருப்பிச் செய்ய வேண்டும். ஒருவர் நமக்கு 500 பாக்கி என்றால், நாம் விருந்து வைக்கிற அன்று 1,000 செய்வார். பழைய நடை 500 தீர்ந்தது, புது நடை 500 அவருக்கு நாம் திருப்ப வேண்டியது. பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, வட்டியும் கிடையாது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஒருவர் முறை. இடையில் எடுக்க முடியாது, பெரியப்பா கேட்டாலும் கொடுக்க முடியாது, ஏனென்றால் பணம் ஊரார் வீட்டில் இருக்கிறது. நம் பக்கத்தில் கிணறு வெட்டியதும் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் பாதிக்கு மேல் இந்தப் பணத்தில்தான்.

குறையும் சொல்கிறேன். 2013-ல் நான் செய்த 500-க்கு அன்று ஒரு கிலோவுக்கு மேல் கறி வாங்கலாம். இன்று அதே 500 திரும்பினால் முக்கால் கிலோ வராது. அதைவிடப் பெரிய குறையை 2018-ல் பார்த்தோம். ஆடியில் விருந்து வைத்தோம், வந்ததில் போர் போட்டு உனக்கு முதல் வருட ஃபீஸும் கட்டினோம். நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் வந்து 110 மரத்தில் 90-க்கு மேல் சாய்த்துவிட்டுப் போய்விட்டது. அன்று காலையில் தோப்புக்குள் நடக்க வழியில்லாமல் மட்டை மேல் மட்டையாக ஏறிப் போனேன். தென்னம்பிள்ளை வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடம். மரம் விழுந்துவிட்டது என்று மொய் நோட்டுக்குத் தெரியுமா? அடுத்த ஆடியில் ஒரே நாளில் நாலு விருந்துக்குப் பத்திரிகை. அங்கேதான் அம்மாவின் ஆரம் முதன்முதலில் அடகுக்குப் போனது. கடன் வாங்கிக் கடனைத் திருப்பினேன், ஒரு ஐயாயிரம்கூட பாக்கி வைக்கவில்லை. வைத்திருந்தால் வட்டிக்காரன் மாதிரி யாரும் வீட்டு வாசலில் வந்து கத்த மாட்டார்கள். அடுத்த தடவை நமக்குச் செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான்.

2023-ல் நம் முறை. சித்தப்பா தவறியதில் தள்ளிப்போனது. அதனால் எட்டு வருடமாகச் செய்தது வெளியே நிற்கிறது. நேற்று நோட்டைக் கூட்டிப் பார்த்தேன், நமக்கு வர வேண்டியது 6,20,000 சொச்சம். ஐந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைக்கிறோம், கிடாயும் சமையலும் பங்கு. வருவதில் முதல் வேலை ஆரத்தைத் திருப்புவது. உன் 6,000 தண்டம் அதோடு நிற்கும்.

எதிர்வீட்டு அத்தை வாரா வாரம் தவணை கட்டுகிற கடன் குழு நாலில் மாட்டியிருக்கிறாள், ஒரு குழுவில் வாங்கி இன்னொன்றுக்குக் கட்டுகிறாள். மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் சட்டம் வந்திருக்கிறது என்று சொன்னேன். "சட்டம் வந்து திங்கக்கிழமை தவணையக் கட்டுமா" என்கிறாள். அவளுக்கு மொய்யில் நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு தவணையாவது கட்டச் சொல்லி அம்மா நச்சரிக்கிறாள். கட்டுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

எழுத வேண்டாம் என்று நினைத்த ஒன்றும் இருக்கிறது. அந்த 3 லட்சம் என் பணம் இல்லை. வேலைக்குப் போனதிலிருந்து நீ மாதா மாதம் அனுப்பியதுதான், ஒரு ரூபாய் எடுக்கவில்லை. மகள் காசில் மொய்க் கடன் கட்டினான் என்று யாரும் சொல்லப் போவதில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆனாலும் கை போகவில்லை. "இதென்ன வறட்டுக் கௌரவம், அவ என்ன வேத்தாளா" என்று அம்மா திட்டுகிறாள். அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும். ரசீதைப் பார், உன் பெயரும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன்.

விருந்து ஆடி கடைசி வியாழக்கிழமை. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ரசீது அடித்துத் தருகிற பையன்கள் வருகிறார்கள், பணம் எண்ண மெஷினும் வரும். இருந்தாலும் பழைய நோட்டோடு சரிபார்த்து எழுத நம் மேஜையில் நம் ஆள் ஒருவர் உட்கார வேண்டும். எனக்குக் கண் தெரியவில்லை. புதன் ராத்திரி வண்டியில் ஏறிவிடு. அந்தப் பச்சை அட்டை நோட்டில் ப, ய இரண்டும் ஒரே மாதிரி எழுதியிருப்பேன், உனக்குத்தான் பிரித்துப் படிக்க வரும்.

இப்படிக்கு,
அப்பா