கண்ணாடிக் கோட்டிலிருந்து தொடங்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பதில் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி என் கடிதங்கள் நீளும், பொறுத்துக்கொள்.

வடிவியலில் உருவத்தை நகர்த்தும் இடப்பெயர்வு, திருப்பும் சுழற்சி, கண்ணாடிப் பிம்பமாக்கும் பிரதிபலிப்பு மூன்றின் வரையறைகளையும் உன் பேத்தி தலைகீழாகச் சொல்கிறாள், ஆனால் கணக்கு என்று வந்தால் திணறுகிறாள் என்று எழுதியிருந்தாய். மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்திக் கற்பிப்பதுதான் கோளாறு என்பது என் கட்சி. பிரதிபலிப்பை மட்டும் முதலில் பிடி. மற்ற இரண்டும் அதன் பிள்ளைகள்.

கட்டத்தாளில் (1, 1), (4, 1), (1, 3) ஆகிய புள்ளிகளை இணைத்து ஒரு முக்கோணம் வரையச் சொல். ஒய் அச்சைக் கண்ணாடியாக வைத்தால் அவை (−1, 1), (−4, 1), (−1, 3) ஆகும். நீளமும் கோணமும் அப்படியே இருக்கும். ஆனால் முனைகளை அதே வரிசையில் சுற்றி வந்தால், முன்பு இடஞ்சுழியாக இருந்தது இப்போது வலஞ்சுழி. வெட்டியெடுத்து எப்படித் தள்ளினாலும் திருப்பினாலும் பழையதன் மேல் பொருந்தாது, கவிழ்த்தால்தான் பொருந்தும். இதை அவள் கையாலேயே செய்து பார்க்கட்டும், அவசரப்படுத்தாதே.

பிறகு அந்தப் பிம்பத்தை எக்ஸ் அச்சில் பிரதிபலிக்கச் சொல்: (−1, −1), (−4, −1), (−1, −3). இது முதல் முக்கோணத்தை ஆதிப்புள்ளியை, அதாவது (0, 0)ஐச் சுற்றி 180 டிகிரி திருப்பியதேதான்! கண்ணாடியாக வைத்த இரு கோடுகளுக்கு இடையே 90 டிகிரி. சுழற்சி அதைப்போல் இரு மடங்கு. எந்த இரு கோடுகள் வெட்டிக்கொண்டாலும் இதே கதைதான். கோடுகள் இணையாக இருந்தால் சுழற்சிக்குப் பதில் இடப்பெயர்வு கிடைக்கும். நகரும் தூரம் இடைவெளியைப்போல் இரு மடங்கு. தளத்தில் அளவு மாறாத எந்த உருமாற்றத்தையும் மூன்று பிரதிபலிப்புகளுக்குள் அடக்கிவிடலாம்.

பெரிதாக்கல் வேறு சாதி. பக்கத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும், கோணம் மட்டும் அசையாது. எது மாறுகிறது என்பதைவிட எது மாறாமல் நிற்கிறது என்று கேட்கப் பழக்கு. 1872இல் ஜெர்மன் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைன் வடிவியல்களை வகைப்படுத்தியதே இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

உனக்கும் ஒரு கணக்கு. (4, 1) என்ற புள்ளியை முதலில் எக்ஸ் அச்சிலும், பின்பு ஆதிப்புள்ளி வழியே 45 டிகிரி ஏறும் கோட்டிலும் பிரதிபலி. வரிசையை மாற்றியும் செய்து பார். இரண்டு விடைகளையும் எழுதி அனுப்பு. பேத்தியிடம் கேட்டு எழுதக் கூடாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்